பிளக் ஒயரும் பக்கத்து வீட்டு ரேடியோவும்

1978 செவ்ரோலே சி-10 பிக்கப் டிரக்கின் பானெட்டைத் தூக்கி, பெரிய சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஏர் கிளீனரைக் கழற்றி வைத்தால், எஞ்சினின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் தலையிலிருந்து எட்டு ஒயர்கள் கிளம்புகின்றன. நாலு இடப்பக்கம், நாலு வலப்பக்கம். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில் போய் முடியும். வண்டி நெடுஞ்சாலையில் 2500 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும்போது இந்த எட்டு ஒயர்களிலும் சேர்த்து நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை மின்சாரம் பாய்கிறது. ஒவ்வொரு தடவையும் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட். அந்த மின்சாரம் பிளக் முனையில் ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பெட்ரோல் பற்றுகிறது, வண்டி ஓடுகிறது.

இங்கே ஓஹையோவில் என்னோடு வேலை பார்க்கும் கரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவனிடம் இப்படி ஒரு டிரக் இருக்கிறது. அவனைவிடப் பதினைந்து வயது மூத்த வண்டி. மழை நாளில் அது இழுக்காமல் திணறியது. ஒருநாள் போன் செய்தான்.

"அண்ணா, ஈரத்துல வண்டி மிஸ் அடிக்குது. பிளக் ஒயரை மாத்தச் சொல்றாங்க. கடையில நாலு வகை வெச்சிருக்கான். ஒண்ணு சாதா கருப்பு. ஒண்ணு சுருள் கம்பி போட்டது. ஒண்ணு முழுசா செம்பு. இன்னொண்ணு செவப்பா, தடியா, பார்க்கவே சூப்பரா இருக்கு. எதை வாங்கறது?"

"நீ என்ன நெனைக்கிற?"

"செம்புதான். மத்ததுல எல்லாம் மின்தடை இவ்வளவு ஓம், அவ்வளவு ஓம்னு போட்டிருக்கான். செம்புல கிட்டத்தட்ட சைபர். மின்தடை கம்மியா இருந்தா நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். மின்சாரத்தைக் கொண்டுபோகிற கம்பிக்கு மின்தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வீட்டு ஒயரிங் செம்பு. மின்கம்பத்தில் ஓடுவது அலுமினியம். அப்படியிருக்க, உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகள் ஏன் வேண்டுமென்றே, காசு செலவழித்து, மின்சாரம் சுலபமாகப் போக முடியாத ஒயரைக் கண்டுபிடித்துத் தங்கள் வண்டிகளில் மாட்டின? இதற்கான பதில் எஞ்சினுக்குள் இல்லை. எஞ்சினுக்கு வெளியே, தெருவில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு நூற்று நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஒரே பக்கத்தில் இரண்டு பொறிகள்

தென்மேற்கு ஜெர்மனியில் மான்ஹைம் என்று ஓர் ஊர். அங்கே கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவரை ரொம்பவும் படுத்தி எடுத்தது பற்றவைக்கும் விஷயம்தான். சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் கலவையைச் சரியான கணத்தில் எப்படிக் கொளுத்துவது? போட்டியாளரான டைம்லர் ஒரு குழாயை வெளியிலிருந்து நெருப்பால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பற்றவைத்தார். பென்ஸ் மின்பொறியை நம்பினார்.

பொறியை உண்டாக்க அன்று கைவசம் இருந்த கருவி தூண்டல் சுருள். இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, ஒன்றில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால், மற்றதில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். பாரிஸில் ரூம்கார்ஃப் என்பவர் செய்து விற்ற இந்தச் சுருள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வகங்களில் பிரசித்தம். 1860-லேயே லெனுவார் தன் எரிவாயு எஞ்சினில் அதை மாட்டியிருந்தார்.

மான்ஹைமுக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தெற்கே கார்ல்ஸ்ரூவே. பென்ஸ் படித்த தொழில்நுட்பக் கல்லூரி அங்கேதான் இருந்தது. 1885-லிருந்து அதே கல்லூரியில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் இயற்பியல் பேராசிரியர். அவர் கையிலும் ஒரு தூண்டல் சுருள். அதைக்கொண்டு இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே பொறி விட்டார். சில மீட்டர் தள்ளி, எதனோடும் இணைக்கப்படாத ஒரு கம்பி வளையம். வளையத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இங்கே பொறி விழும்போதெல்லாம் அங்கேயும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொறி விழுந்தது. வெறும் வெளியைத் தாண்டி ஏதோ போகிறது. மின்காந்த அலை இருக்கிறது என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னதை ஹெர்ட்ஸ் இப்படி நிரூபித்தார். 1888-க்குள் அந்தச் சோதனைகளின் முடிவுகள் வெளிவந்துவிட்டன.

அதே 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று இதைச் சொல்வார்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இக்னிஷன் ஒயரின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது, காலுறையைப் பிடித்து நிறுத்தும் தன் எலாஸ்டிக் பட்டியைக் கழற்றி ஒயரில் சுற்றினார். பென்ஸ் குடும்பத்தில் சொல்லிவந்த கதை இது. அப்படியானால் பிளக் ஒயருக்கு நடுவழியில் வைத்தியம் பார்த்த முதல் ஆள் பெர்தாதான்.

அவர் போன பாதை கார்ல்ஸ்ரூவேயின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த வண்டியின் பிளக்கில் பொறி விழுந்த ஒவ்வொரு முறையும், ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் பிடித்துக் காட்டிய அதே மாதிரி அலைகள் வழியெல்லாம் சிதறியிருக்கும். அதைக் கேட்க அன்று யாரிடமும் ரேடியோ இல்லை, அவ்வளவுதான். காரும் வானொலியும் கிட்டத்தட்ட ஒரே வருஷத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரே கருவியை வைத்துக்கொண்டு பிறந்தவை. அண்ணன் தம்பிச் சண்டை பின்னால்தான் வந்தது.

ஃபோர்டு காயில்

முதல் நாற்பது வருஷம் இரண்டும் ஒற்றுமையாகவே இருந்தன. மார்க்கோனியின் நிலையங்கள் செய்தி அனுப்பியது பொறியால். 1912-ல் டைட்டானிக் உதவி கேட்டுக் கூப்பிட்டதும் ஐந்து கிலோவாட் பொறி டிரான்ஸ்மிட்டரால்தான்.

1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. அதன் நாலு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு சுருள். நாலையும் தனித்தனி மரப்பெட்டிகளில் அடைத்து டிரைவரின் முன்னால் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு தகடு அதிர்ந்துகொண்டே இருக்கும், வண்டு ரீங்கரிப்பது மாதிரி சத்தம் வரும். அங்கிருந்து நாலு ஒயர்கள் பிளக்குகளுக்குப் போயின. 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகள் வந்தன. ஆகவே அமெரிக்கா முழுவதும் இந்தச் சுருள் மலிவாகக் கிடைத்தது. ரேடியோப் பைத்தியம் பிடித்த பையன்கள் சும்மா இருப்பார்களா? பழைய வண்டியிலிருந்து ஒரு ஃபோர்டு காயிலைக் கழற்றி, ஒரு பேட்டரி, ஒரு மோர்ஸ் சாவி, கொல்லைப்புற மரத்தில் கட்டிய கம்பி என்று சேர்த்து, ராத்திரி முழுக்க அடுத்த ஊர்ப் பையனோடு தட்டிப் பேசினார்கள்.

இங்கே நிறுத்தி ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வண்டியிலிருந்து காயிலைக் கழற்றி ஆன்டெனாவோடு இணைத்தால் அது ரேடியோ டிரான்ஸ்மிட்டர். அப்படியானால் வண்டிக்குள்ளேயே இருக்கும்போது அது என்ன? அதேதான். பிளக் ஒயர்தான் ஆன்டெனா.

நமக்கு வேண்டிய பிக்கப்பும் இந்த மாடல் டி-யின் வயிற்றில் பிறந்ததுதான். அதுவரை விவசாயிகள் காரை வாங்கிப் பின்பக்கத்தை வெட்டி, தாங்களே மரப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். 1925 ஏப்ரலில் ஃபோர்டு தொழிற்சாலையிலேயே பின்னால் இரும்புத் தொட்டி வைத்து, 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. பெயரிலேயே 'பிக்கப்' என்ற சொல் இருந்தது.

அதற்குள் வானொலியின் கதை திசை மாறிவிட்டது. பொறி டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு பெரிய குறை. அது ஒரு அலைவரிசையில் மட்டும் பேசாது. சந்தையில் ஒருத்தன் மேளம் அடிப்பது மாதிரி, எல்லா அலைவரிசைகளிலும் சேர்ந்து இரையும். ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வால்வு டிரான்ஸ்மிட்டர்கள் வந்ததும், பாட்டும் பேச்சும் ஒலிபரப்பாக ஆரம்பித்ததும், பொறி வேண்டாத விருந்தாளி ஆகிவிட்டது. சர்வதேச ஒப்பந்தங்கள் அதைப் படிப்படியாகக் கரையிலிருந்தும் கப்பலிலிருந்தும் விரட்டின. சாலையில் ஓடிய கோடிக்கணக்கான பொறி டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் யாரும் தொடவில்லை.

ஓஹையோவின் இரண்டு ஊர்கள்

தம்பியின் வண்டியில் இருக்கும் அமைப்பு ஃபோர்டு காயிலுக்கு அடுத்த தலைமுறை. அது பிறந்தது நாங்கள் இருக்கும் ஓஹையோவிலேயே. டேட்டனில் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங், வேலை நேரம் போக, நண்பர் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு புது இக்னிஷன் அமைப்பை உருவாக்கினார். 1910 மாடல் காடிலாக்கில் அது வந்தது. அதிலிருந்து வளர்ந்த ஏற்பாடுதான் ஒரே ஒரு காயில், நடுவில் சுழன்று சுழன்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பரிமாறும் டிஸ்ட்ரிபியூட்டர். பந்தியில் ஒருவரே வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போவது மாதிரி. அடுத்த அறுபது, எழுபது வருஷம் உலகத்துப் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பந்தியில்தான் சாப்பிட்டன.

ஆனால் பரிமாறும் இடத்திலிருந்து இலை தூரமாகிவிட்டதே. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கடைசி சிலிண்டர் வரைக்கும் இருபதாயிரம் வோல்ட்டைக் கசியாமல் கொண்டுபோக வேண்டும். எண்ணெய், சூடு, அதிர்வு, மழை எல்லாவற்றையும் தாங்க வேண்டும். பிளக் ஒயர் தனித் தொழிலாக வளர்ந்தது இதனால்தான்.

அந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்றும் ஓஹையோதான். வாரன் என்ற ஊரில் ஜேம்ஸ் வார்டு பேக்கார்ட், வில்லியம் டௌட் பேக்கார்ட் என்ற சகோதரர்கள் 1890-ல் மின்விளக்கு செய்ய ஆரம்பித்தார்கள். 1899-ல் கார் செய்தார்கள். கார் கம்பெனி 1903-ல் டெட்ராய்ட்டுக்குப் போய் அமெரிக்கப் பணக்காரர்களின் கௌரவ வண்டியானது. மின்சாரக் கம்பெனி வாரனிலேயே தங்கி, வண்டிகளுக்கான ஒயர்களைச் செய்தது. 1932-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கியது. பேக்கார்ட் கார் 1958-ல் செத்துப்போயிற்று. பேக்கார்ட் ஒயர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஜி.எம். வண்டிகளின் வயிற்றுக்குள் ஓடியது. கப்பல் மாதிரிக் கார் போய்ச் சேர்ந்துவிட்டது, கம்பி நின்றது.

ரேடியோ வண்டியில் ஏறியது

1930-ல் சிகாகோவின் பால் கால்வின் தன் காருக்குள் ரேடியோவை மாட்டி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோத் தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்த ரேடியோவின் பெயர் மோட்டோரோலா. பின்னால் கம்பெனியின் பெயரே அதுதான் ஆனது.

அதைச் செய்தவர்களுக்குப் பெரிய தலைவலி ரேடியோ அல்ல, கார். எஞ்சினைப் போட்டதுமே பாட்டுக்குப் பதில் கரகரவென்று இரைச்சல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கரகரப்பும் சேர்ந்து வேகமெடுக்கும். ரேடியோவை எவ்வளவு நல்லதாகச் செய்தாலும் பிரயோஜனமில்லை. டிரான்ஸ்மிட்டர் ஓரடி தள்ளித்தான் இருக்கிறது. கடைசியில் வண்டியைத்தான் அடக்கினார்கள். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் மின்தடை கொண்ட ஒரு சிறு குப்பியை மாட்டினார்கள். டைனமோவுக்குக் கண்டன்சர், இங்கொரு பூமி இணைப்பு, அங்கொரு உலோகக் கவசம். இரைச்சல் அடங்கியது.

கவனியுங்கள், இது சொந்த வீட்டுச் சமாதானம். என் காரில் என் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காக நான் என் எஞ்சினை அடக்குகிறேன். ரேடியோ இல்லாத டிரக் வைத்திருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை? அவன் வண்டி தெருவில் போகும்போது நாலு வீட்டு ரேடியோவில் நாடகம் பாதியில் கரகரக்கும். அவனுக்கு அது கேட்கப்போவதுமில்லை.

போர் வந்தபோது ராணுவம் இந்த அசட்டையைப் பொறுக்கவில்லை. ஜீப்பும் டிரக்கும் ரேடியோ வண்டிகளோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஒரே ஒரு வண்டி இரைந்தாலும் எல்லோருக்கும் காது போய்விடும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ வண்டிகளின் பானெட்டில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண்ணின் கடைசியில் பல வண்டிகளுக்கு 'எஸ்' என்று ஓர் எழுத்து இருக்கும். பழைய போட்டோக்களில் பார்க்கலாம். சப்ரெஸ்டு, அதாவது ரேடியோ இரைச்சல் அடக்கப்பட்ட வண்டி என்று அர்த்தம். இவன் வாய் கட்டப்பட்டவன், பக்கத்தில் விடலாம் என்கிற நற்சான்றிதழ்.

போர் முடிந்ததும் டிவி வந்தது. காதுக்கு மட்டும் இருந்த தொல்லை கண்ணுக்கும் வந்துவிட்டது. அலைகளின் இரைச்சலை அளப்பதற்கும் வரம்பு கட்டுவதற்கும் ஏற்கெனவே 1934-ல் பாரிஸில் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு கூடியிருந்தது. பிரிட்டன் 1952-ல் வண்டிகளின் இக்னிஷன் இரைச்சலுக்கென்றே தனி விதிமுறை இயற்றியது. ரேடியோ இல்லாத வண்டிக்காரனும் இனி ஊராருக்காக அடங்கித்தான் ஆக வேண்டும்.

இது நமக்கும் தெரிந்த தொல்லைதான். மெட்ராஸில் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. எண்பதுகளில் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஓடும்போது தெருவில் ஒரு மோட்டார் பைக் போனால் திரையில் வரிவரியாகப் புள்ளிகள் ஓடும், ஸ்பீக்கர் பொரியும். "டேய், மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்புடா" என்று கீழேயிருந்து குரல் வரும். பையன் படியேறுவதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டியிருக்கும், படமும் தெளிந்திருக்கும். ஆன்டெனாவைத் திருப்பியதால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பினோம். பழி ஆன்டெனாமேல், குற்றவாளி பிளக் ஒயர்.

கரி நூல்

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்களில் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். கரித்தூள் ஊறிய நார்க்கயிறு. ஓரடி நீளத்துக்குச் சில ஆயிரம் ஓம் மின்தடை. ஒவ்வொரு பிளக்கிலும் குப்பி மாட்டும் வேலை மிச்சம், ஒயரே குப்பி. வாரனில் செய்த ஒயரின் மேல் 'பேக்கார்ட் டி.வி.ஆர். சப்ரெஷன்' என்று அச்சிட்டிருப்பார்கள். டி.வி.ஆர். என்றால் டெலிவிஷன், ரேடியோ. பக்கத்திலேயே '3-க்யூ-69' போல ஒரு குறி: 1969-ன் மூன்றாம் காலாண்டு. பழைய வண்டிகளை அச்சு அசலாகப் புதுப்பிக்கிறவர்கள் இந்தக் குறிக்காகவே அலைகிறார்கள். எனக்கு அதைவிட முதல் எழுத்துகள்தான் முக்கியமாகப் படுகின்றன. தங்கள் வண்டி தெருவில் போகும்போது யாரோ ஒருவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை எஞ்சினுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, பொறி பலவீனமாகிவிடாதா? தம்பி கேட்டதும் இதைத்தான். கணக்கைப் பார்த்துவிடலாம். பிளக்கின் இடைவெளியில் பொறி தாண்டும்வரை ஒயரில் மின்னோட்டம் அநேகமாகக் கிடையாது. மின்னோட்டம் இல்லையென்றால் மின்தடையில் இழப்பும் இல்லை. காயிலில் எழும்பும் வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே பிளக்குக்குப் போய்ச் சேரும். பொறி தாண்டிய பிறகு ஓடுவது ஓர் ஆம்பியரின் இருபதில் ஒரு பங்கு, 50 மில்லி ஆம்பியர் அளவு. ஒயரின் மொத்த மின்தடை 10,000 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். இழப்பு 500 வோல்ட். இருபதாயிரம் எழும்புகிற இடத்தில் ஐந்நூறு.

மின்தடை உண்மையில் அடக்குவது வேறொன்றை. பொறி தாண்டும் முதல் கணத்தில், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு, ஒயரிலும் காயிலிலும் தேங்கியிருந்த மின்னூட்டம் பல ஆம்பியராகக் கொட்டுகிறது. பெட்ரோல் பற்ற அந்தக் கொந்தளிப்பு பெரிதாகத் தேவையில்லை. ஆனால் ரேடியோவில் கேட்கும் கரகரப்பு முழுக்க அதுதான். மின்தடை அதன் கழுத்தைப் பிடிக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண எஞ்சினில், 'குறைந்த மின்தடை, கூடுதல் சக்தி' என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு வண்டி ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கத்து வீட்டில் தெரியும்.

கரி நூலுக்குக் குறை இல்லாமல் இல்லை. சூட்டிலும் அதிர்விலும் உள்ளே விரிசல் விடும். ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் சீக்கிரமே அறுந்துபோகும். அறுந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே பொறி விழுந்து கரியும். அதனால்தான் அடுத்து சுருள் ஒயர் வந்தது. கெட்டியான நார் ஒன்றின்மேல் மயிர் போன்ற உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மின்தடை ஓரடிக்குச் சில நூறு ஓம்தான். ஆனால் சுருள் என்பதால் வேகமாகத் துடிக்கும் மின்னோட்டத்தை மட்டும் எதிர்க்கும். நிதானமானதை விட்டுவிடும், துள்ளுவதைப் பிடித்துக்கொள்ளும்.

தம்பிக்குச் சொன்னது

இந்தக் கதையெல்லாம் தெரிந்தால் கடையில் முடிவெடுப்பது சுலபம். தம்பியிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

முதலில், பழையது உண்மையிலேயே கெட்டதா என்று பார். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள்மேல் லேசாகத் தண்ணீர்ப் புகை தெளி. கையை உள்ளே விடாதே. உறை கசிந்தால் நீலமாகப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, மீட்டரில் ஒவ்வொரு ஒயரையும் அள. ஓரடிக்குச் சில ஆயிரம் ஓம் என்பது கரி ஒயருக்கு இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் அது போய்விட்டது. ஆனாலும் எட்டையும் மாற்று, வயது ஒன்றுதானே.

இரண்டாவது, தடிமனைப் பார்த்து மயங்காதே. 7 மி.மீ., 8 மி.மீ. என்பதெல்லாம் வெளியுறையின் அளவு, உள்ளே ஓடும் கம்பியின் அளவு இல்லை. ஜி.எம். 1970களின் நடுவில் பாயின்ட்டை எடுத்துவிட்டு எச்.இ.ஐ. என்ற எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தபோது வோல்ட் கூடியது. கசியாமல் இருக்க 8 மி.மீ. சிலிக்கான் உறைக்கு மாறினார்கள். உன் வண்டிக்கு அது போதும். காயில் மூடியின் தலையிலேயே இருப்பதால் உனக்கு எட்டு ஒயர்தான். அதற்கு முந்தைய வண்டிகளுக்குக் காயில் ஒயரோடு ஒன்பது. மூடியில் செருகும் முனையும் இரண்டுக்கும் வேறு. பழையதில் ஒயர் குழிக்குள் இறங்கும், உன்னுடையதில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைமேல் உட்காரும். மாறி வாங்கினால் மாட்டவே முடியாது.

மூன்றாவது, கழற்றும்போது ரப்பர் தொப்பியைப் பிடித்துத் திருகி இழு. ஒவ்வொன்றாக மாற்று. எட்டையும் மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையை ஞாபகம் வைத்து மாட்டுகிறேன் என்று இறங்காதே. ஐந்தாம் ஒயரையும் ஏழாம் ஒயரையும் ஒட்டி உரசவிடாதே. அந்த இரண்டு சிலிண்டரும் அடுத்தடுத்து இருக்கின்றன, அடுத்தடுத்துப் பற்றுகின்றன. ஒன்றில் ஓடுவது பக்கத்து ஒயரில் தூண்டப்பட்டு, ஏழு நேரம் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். உள்வீட்டுக்குள்ளேயே ஒரு ஹெர்ட்ஸ் பரிசோதனை.

நாலாவது, செம்பு வேண்டாம். அது பாயின்ட் வைத்த பழைய பந்தய வண்டிகளுக்கும், ரேடியோவே இல்லாத டிராக்டருக்கும் சரி. உன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூலுக்கே அந்த இரைச்சல் ஆகாது. உன் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் வராந்தாவில் உட்கார்ந்து ஏ.எம். ரேடியோவில் கிளீவ்லண்ட் பேஸ்பால் கேட்பார் என்று நீதான் சொன்னாய். நீ காலையில் வண்டியைச் சூடேற்றும் நேரத்தில் அவர் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. தன் ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

"அப்போ சுருள் ஒயர்தானா அண்ணா?"

"சுருள் வாங்கு. காசு இடிக்குதுன்னா நல்ல கம்பெனி கருப்பு. செவப்பு மேல ஆசையா இருந்தா, உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு வாங்கு. கலர்ல ஒண்ணும் இல்ல."

யார் அடங்குவது?

பிளக் ஒயரின் காலம் முடிந்துவிட்டது. 1990களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயிலையே உட்காரவைக்க ஆரம்பித்தார்கள். ஃபோர்டு காயில் மாதிரி மறுபடி ஆளுக்கொன்று. ஒயர் ஒரு சாண் ஆகி, அப்புறம் இல்லாமலே போயிற்று. வாரனின் கம்பெனி டெல்ஃபை என்ற பெயரோடு 1999-ல் ஜி.எம்.-இலிருந்து பிரிந்தது, 2005-ல் திவால் மனு கொடுத்தது. மின்சார வண்டியில் பொறியே கிடையாது.

ஆனால் சண்டை முடியவில்லை. மின்சார வண்டியின் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் கருவி நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அது ஏ.எம். அலைவரிசையில் இரைகிறது. கவசமும் வடிகட்டியும் போட்டு அடக்க முடியும். எடையும் செலவும் ஏறும். அதற்குப் பதில் சில கம்பெனிகள் தங்கள் மின்சார வண்டிகளிலிருந்து ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டன. 2023-ல் ஃபோர்டு தன் புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து ஏ.எம். ரேடியோவை நீக்கப்போவதாகச் சொன்னது. புயல், வெள்ளம் என்று வந்தால் செல்போன் கோபுரம் சாய்ந்த பிறகும் கிராமங்களுக்குச் செய்தி கொண்டுபோவது ஏ.எம். ரேடியோதான் என்று எதிர்ப்பு எழுந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸில் மசோதா வந்தது. அதே மே மாதம் ஃபோர்டு பின்வாங்கியது.

1930-ல் ரேடியோவுக்காக வண்டியை அடக்கினார்கள். 1950களில் முகம் தெரியாத அடுத்த வீட்டுக்காரருக்காக ஒயருக்குள் கரியை வைத்தார்கள். 2023-ல் வண்டிக்காக ரேடியோவை இறக்கிவிடப் பார்த்தார்கள். தொழில்நுட்பம் மாறியிருக்கிறதே தவிர கேள்வி ஒன்றுதான். என் வசதி போடும் இரைச்சலை அடக்கும் செலவு யாருடையது, என்னுடையதா, அதைக் கேட்க நேர்ந்தவருடையதா? அந்தக் கரி ஒயர் செய்தவர்கள், இரைச்சல் போடுபவனே கொடுக்கட்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். வண்டி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கொடுத்தோம் என்பதே தெரியாது.